கொலுசை முதலில் காகிதத்தில் போட்டுப் பாருங்கள்

கேள்வி: சேலம் சிவதாபுரத்தில் கொலுசுப் பட்டறை வைத்திருக்கிறேன். புது டிசைன் எதுவும் மனத்தில் தோன்றவில்லை. முப்பரிமாண மென்பொருளோடு 2,000 டிசைன்களும் தருவதாக ஒருவர் நச்சரிக்கிறார். எனக்கு வரையவும் வராது. வாங்கலாமா?

பதில்: வாங்காதீர்கள். தோன்றிய பிறகுதான் வரைய வேண்டும் என்று யார் சொன்னது? வரைய வரையத்தான் தோன்றும். இலை என்று நினைத்துக் கிறுக்கியது மறுநாள் மீனாகத் தெரியும். வடிவமைப்பாளர் தம் வரைபடத்தோடு உரையாடுகிறார் என்று, வடிவமைப்பாளர்கள் யோசிக்கும் விதத்தை ஆராய்ந்த டொனால்ட் ஷோன் 1983-இலேயே எழுதிவிட்டார். திரையிலோ முதல் கோடே முடிந்த நகைபோல் மின்னும். அதைக் கலைக்க மனம் வராது.

ஒரு காகிதப் பட்டையில் மயில் வரிசை வரைந்து, வீட்டில் யார் காலிலாவது சுற்றுங்கள். மேசையில் நிமிர்ந்து நின்ற மயில், போட்டிருப்பவர் குனிந்து பார்த்தால் தலைகீழாக இருக்கும். கணுக்கால் எலும்பில் பட்டை தூக்கிக்கொள்ளும். மயில் அவருக்கா, எதிரில் நிற்பவருக்கா? யோசித்துக்கொண்டே உட்கார்ந்திருந்தால் இந்தக் கேள்வி எழாது. பிறகு செம்புக் கம்பியில் மூன்று கண்ணி செய்து அசைத்துப் பாருங்கள். வெள்ளியை அப்புறம் தொடலாம்.

அந்த 2,000 டிசைன்களை அவர் செவ்வாய்ப்பேட்டை வெள்ளிக் கடைகளில் விற்காமலா உங்களிடம் வந்திருப்பார்? மாதிரியைப் பார்த்துவிட்டு வரைந்தவர்கள் அதன் குறைகளையும் சேர்த்தே வரைந்ததாக 1991-இல் ஜான்சன், ஸ்மித் இருவரும் செய்த ஆய்வு காட்டியது. காசு கொடுத்து அடுத்தவர் தவறை வாங்குவானேன்?

வார்ப்பு வேலைக்கு மட்டும் மென்பொருள் வேண்டும். வெள்ளி ஆறும்போது சுருங்கும். மாதிரியைச் சற்றுப் பெரிதாகச் செய்ய வேண்டும். அந்தக் கணக்கைக் கணினி பிசகாமல் போடும். வார்ப்பு என்றால் வார்ப்பு மட்டும்தான். கம்பி வளைத்து ஊதிப் பற்றவைக்கிற உங்கள் கொலுசுக்கு இது பொருந்தாது. டை என்கிற அச்சு வெட்டுகிறவருக்கும் தேவை என்பீர்கள். அதை அவர் வாங்கிக்கொள்ளட்டும்.

புதிதாக ஒன்று பிறந்துவிட்டால், வடிவமைப்பைப் பதிவு செய்ய விண்ணப்பிக்கும் முன் வாட்ஸ்அப் ஸ்டேட்டஸில் போடாதீர்கள். வெளியில் காட்டிவிட்டால் 2000-ஆம் ஆண்டின் வடிவமைப்புச் சட்டப்படி அது புதியது ஆகாது. பதிவானால் 10 ஆண்டு, நீட்டித்தால் இன்னும் 5 ஆண்டு பாதுகாப்பு. கொலுசு சேலத்தில், பதிவு அலுவலகம் கொல்கத்தாவில். படிவத்தின் தமிழாக்கத்தை யாரிடம் கேட்பது? இந்த இடைவெளியில்தான் தரகர் பிழைக்கிறார். வெறும் விண்ணப்ப எண்ணைக் காட்டி ‘பதிவாகிவிட்டது’ என்பார். சான்றிதழைக் கண்ணால் பார்க்காமல் மிச்சப் பணத்தைக் கொடுக்காதீர்கள்.