நீண்ட நாள் ஓடும் அறிவியல் புனைகதைத் தொடர் மேல் ரசிகர்களுக்கு எவ்வளவு ஆர்வம் என்று எப்படி அளப்பது? பார்வையாளர் எண்ணிக்கை போதாதா?

எந்தத் தொடர் என்று நீங்கள் சொல்லவில்லை. ஆனால் "எண்ணிக்கை பாதியாகிவிட்டது, அப்படியானால் யாருக்கும் பிடிக்கவில்லை என்றுதானே அர்த்தம்" என்று கேட்டிருப்பதைப் பார்த்தால், கல்லூரி ப்ராஜெக்டுக்காகக் கேட்கிறீர்கள் என்று நினைக்கிறேன். நீங்களும் அந்தத் தொடரை விடாமல் பார்க்கிறவர் என்றும் தோன்றுகிறது. நானும் இதே இடத்தில் நின்றவன், அதனால் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன்.

2013இல் பிரிட்டனில் உள்ள கார்டிஃப் நகரில் புள்ளியியல் முதுகலை படித்துக்கொண்டிருந்தேன். 'டாக்டர் ஹூ' என்ற பிரிட்டிஷ் அறிவியல் புனைகதைத் தொடரை 2005இலிருந்து அந்த ஊரை மையமாக வைத்துத்தான் எடுக்கிறார்கள். அந்த வருடம் நவம்பர் 23 அன்று தொடருக்கு 50 வயது. சிறப்பு அத்தியாயம் 94 நாடுகளில் ஒரே நேரத்தில் ஒளிபரப்பானது, தியேட்டர்களில் முப்பரிமாணத்திலும் போட்டார்கள். நான் ஆய்வுக்கு எடுத்திருந்ததும் ரசிகர் ஆர்வம்தான். 12 கேள்விகளை அச்சடித்துக்கொண்டு, தியேட்டர் வாசலில் குளிரில் நின்று வரிசையில் இருந்த ஒவ்வொருவரிடமும் படிவத்தை நீட்டினேன். முழங்கால் வரை தொங்கும் பட்டை மஃப்ளர் போட்டவர்கள், தொடரின் நாயகனான டாக்டர் மாதிரியே உடுத்தியிருந்த குழந்தைகள். ஒருவர்கூட மறுக்கவில்லை. மதிப்பெண் கேட்ட இடத்தில் எல்லாரும் ஒன்பதும் பத்தும் போட்டார்கள். வீட்டுக்குத் திரும்பும்போது பெரிதாக எதையோ கண்டுபிடித்துவிட்ட சந்தோஷம்.

பேராசிரியர் படிவங்களைப் புரட்டிப் பார்த்துவிட்டுச் சொன்னதை நம் பேச்சில் சொன்னால் இப்படி வரும்: பந்தியில் இலை போட்டு உட்கார்ந்திருப்பவர்களிடம் பசிக்கிறதா என்று கேட்டு வந்திருக்கிறாய். அன்று ரொம்ப வலித்தது. ஆனால் அவர் சொன்னது சரி.

அந்த வாரமே இன்னொன்று நடந்தது. நான் வாடகைக்கு இருந்த வீட்டுக்கார அம்மாவுக்கு அப்போது ஐம்பத்தெட்டு வயது இருக்கும். மிச்சமிருந்த படிவம் ஒன்றை அவரிடம் கொடுத்தேன். முதல் கேள்வி, 'நீங்கள் இத்தொடரின் ரசிகரா?' அவர் 'இல்லை' என்று குறித்தார். 'இல்லை' என்றால் அதோடு படிவம் முடிந்துவிடும், நான் அப்படித்தான் அமைத்திருந்தேன். பேனாவை மூடி வைத்துவிட்டு, "நான் ரசிகையெல்லாம் இல்லை, சின்ன வயதிலிருந்து பார்க்கிறேன், அவ்வளவுதான்" என்றார். அப்புறம் மாடியிலிருந்து ஒரு பிஸ்கட் டப்பாவை எடுத்து வந்தார். உள்ளே ஒலிநாடாச் சுருள்கள். 1966இல் டாக்டர் வேடத்துக்குப் புது நடிகர் வந்த சமயம், அப்பாவின் டேப் ரெக்கார்டரை டீவி முன்னால் வைத்து, தம்பியை மூச்சு விடக்கூடாது என்று மிரட்டிப் பதிவு செய்தாராம். மறுபடி பார்க்க வேறு வழியே இல்லாத காலம் அது.

இதன் அருமை அப்போது எனக்குத் தெரியவில்லை. தொடரை எடுத்த பிபிசி அறுபது, எழுபதுகளில் பழைய வீடியோ நாடாக்களை அழித்துவிட்டது. காணாமல் போனவற்றில் 9 அத்தியாயங்கள் நைஜீரியாவில் கிடைத்த செய்தி 2013 அக்டோபரில்தான் வந்தது, அப்போதும் 97 அத்தியாயங்களின் படம் இல்லாமல்தான் இருந்தது. ஆனால் அந்த 97க்கும் ஒலி இருக்கிறது. டீவி முன்னால் இப்படி ரெக்கார்டர் வைத்த பிள்ளைகளால்தான் இருக்கிறது. அப்படி வந்த ஒலியை வைத்து 1966இன் ஒரு கதையை 2016இல் அனிமேஷனாக வெளியிட்டார்கள். அந்த அம்மாவின் நாடாக்கள் அதற்குப் போகவில்லை, வேறு யாரோ வைத்திருந்தவை. என் படிவத்தில் அவர் ரசிகர் அல்ல.

சரி, உங்கள் கேள்விக்கு வருகிறேன். எத்தனை பேர் பார்த்தார்கள் என்பது வேறு, எவ்வளவு பிடித்தது என்பது வேறு. பிரிட்டனில் இரண்டையும் தனித்தனியாகவே அளக்கிறார்கள். 2005இல் தொடர் திரும்பி வந்த முதல் அத்தியாயத்தை ஒரு கோடியே எட்டு லட்சம் பேர் பார்த்தார்கள், பார்த்தவர்கள் தந்த ரசனை மதிப்பெண் 100க்கு 76. 2008இல் அந்த வருட சீசனின் கடைசிக்கு முந்தைய அத்தியாயத்தைப் பார்த்தவர்கள் சுமார் 88 லட்சம், மதிப்பெண் 91. எண்ணிக்கையை மட்டும் பார்த்தால் ஆர்வம் குறைந்துவிட்டது என்று எழுதிவிடுவீர்கள்.

எண்ணிக்கை ஏறியதற்குக் காரணமும் தொடருக்கு வெளியே இருக்கலாம். 1979 அக்டோபரில் ஒரு அத்தியாயத்துக்கு 1.61 கோடி பேர் வந்தார்கள், போட்டிச் சானலான ஐடிவி வேலைநிறுத்தத்தில் மூடிக் கிடந்ததால். 1989இல் நாட்டிலேயே பெரிய குடும்பத் தொடருக்கு எதிரே அதே நேரத்தில் போட்டார்கள், 31 லட்சத்துக்கு இறங்கியது. அதோடு தொடரையே நிறுத்தினார்கள். அதன் பிறகு 16 வருடத்தில் ஒரே ஒரு தொலைக்காட்சிப் படம்தான் வந்தது. ஆனால் அந்த வருடங்களில் ரசிகர்கள் நாவல் எழுதினார்கள், ஒலி நாடகம் போட்டார்கள். அப்படி 1996இல் ஒரு நாவல் எழுதிய ரஸ்ஸல் டி டேவிஸ்தான் 2005இல் தொடரைத் திரும்பக் கொண்டுவந்தார். இதை எந்த மீட்டரில் அளப்பீர்கள்?

உடனே "எண் இல்லாமல் தொழில் நடக்குமா" என்று யாராவது வருவார்கள். நான் எண்ணுக்கு எதிரி இல்லை, என் சோறே அதில்தான். ஊர் திரும்பியதும் ஒரு கருத்துக்கணிப்பு நிறுவனத்தில் சேர்ந்தேன். வெயிலில் வீடு வீடாக ஏறி இறங்கிய பெண்களுக்கு நிரப்பிய படிவத்துக்கு இவ்வளவு என்று கூலி. அலுவலகத்தில் யாரோ ஒரு படிவத்தைத் தள்ளிவிட்டால் அதற்குக் காசு கிடையாது, ஏன் தள்ளினோம் என்று சொல்லவும் மாட்டார்கள். ஒரு அக்காவுக்கு இரண்டு மாதக் கூலி கடைசிவரை வரவில்லை. நான் கேட்டேன், நடக்கவில்லை. கேள்விக்குச் சம்பந்தமில்லைதான், ஆனாலும் ஒவ்வொரு சதவீதத்துக்குப் பின்னாலும் இப்படி ஒருவர் படியேறியிருக்கிறார் என்பதை நான் மறக்கவில்லை.

உங்கள் ப்ராஜெக்டுக்கு என் யோசனை: ஒளிபரப்பான இரவின் எண்ணை மட்டும் எடுக்காமல், பிறகு பார்த்தவர்களையும் சேர்த்த 7 நாள், 28 நாள் எண்களையும் எடுங்கள், எதிரே என்ன ஓடியது என்றும் எழுதுங்கள். ரசிகர் கூடும் இடத்தில் மட்டும் படிவம் கொடுக்காதீர்கள். 'பிடிக்குமா' என்பதற்குப் பதில், தொடருக்காக என்ன செய்தீர்கள், எதை இன்னும் பத்திரமாக வைத்திருக்கிறீர்கள் என்று கேளுங்கள். முக்கியமாக, 'நீங்கள் ரசிகரா' என்ற கேள்வியை முதலில் வைத்து ஆளை வெளியே அனுப்பிவிடாதீர்கள்.