மாணவர் அட்டை எங்கே செல்லும், எங்கே செல்லாது?

வாசகர் கேள்வி பதில்: வெளிநாட்டுப் பயணம்

கேள்வி: மகள் கோலாலம்பூரில் பல்கலைக்கழகத்தில் இரண்டாம் ஆண்டு படிக்கிறாள். வயது 21. தோழிகளோடு பாரிஸ், ரோம், மட்ரிட் போகிறாள். அவளுடைய மெட்ரிக் கார்டு, அதாவது பல்கலைக்கழக மாணவர் அட்டை, முழுக்க மலாயில் இருக்கிறது. காலாவதித் தேதியும் இல்லை. அதை வைத்து அருங்காட்சியகங்களில் மாணவர் கழிவு வாங்க முடியுமா? ஐசிக் என்ற அனைத்துலக மாணவர் அட்டை எடுத்தே ஆக வேண்டுமா?
– வாசகி, செந்தூல்

பதில்: அட்டையைப் பற்றி யோசிக்கும் முன், போகிற இடம் எதைப் பார்த்துக் கழிவு தருகிறது என்று பாருங்கள். சில இடங்களில் வயது. சில இடங்களில் குடியிருக்கும் நாடு. மீதிச் சில இடங்களில்தான் மாணவரா என்ற கேள்வியே வரும். பினாங்கு கொடிமலை ரயிலுக்கு மைகார்டு என்ற மலேசிய அடையாள அட்டை வைத்திருப்பவருக்கு ஒரு விலை, வெளிநாட்டவருக்கு ஒரு விலை என்பது நமக்குப் பழக்கம்தான். ஐரோப்பாவுக்குப் போனால் அந்த வெளிநாட்டவர் வரிசையில் நிற்பது நாம்.

பாரிஸிலிருந்து தொடங்குவோம். அங்கே மாணவர் அட்டைக்குப் பெரிய வேலையில்லை. லூவர் அருங்காட்சியகத்தில் 18 வயதுக்குக் கீழே எந்த நாட்டவருக்கும் இலவசம். 18 முதல் 25 வரை இலவசம் என்றும் எழுதியிருக்கும், ஆனால் அது ஐரோப்பியப் பொருளாதார வட்டார நாடுகளில் குடியிருப்பவர்களுக்கு மட்டும். உங்கள் மகள் மாணவியாக இருந்தாலும் முழு விலைதான். அதுவும் 2026 ஜனவரி முதல் அந்த வட்டாரத்துக்கு வெளியிலிருந்து வருபவர்களுக்கு 32 யூரோ. இதையே அவள் பிரான்சில் நீண்டகால விசாவில் படித்துக்கொண்டிருந்தால் இலவசமாக நுழைந்துவிடலாம். அங்கே செல்லுபடியாவது குடியிருப்புச் சான்றுதான், மாணவர் அட்டை இல்லை.

ஐஃபில் கோபுரத்தில் கணக்கு வேறு. அங்கே 12 முதல் 24 வயது வரை இளையோர் விலை, பெரியவர் கட்டணத்தில் ஏறக்குறைய பாதி. எந்த நாட்டவர், படிக்கிறாரா இல்லையா என்ற கேள்வியே இல்லை. கடப்பிதழ் போதும். பாரிஸ் மியூசியம் பாஸ் வாங்கலாம் என்று தோழிகள் சொன்னால் ஒன்றை நினைவில் வையுங்கள்: அதில் மாணவர் விலையும் இல்லை, இளையோர் விலையும் இல்லை. கட்டணமே இல்லாத இடம் வேண்டுமென்றால் பாரிஸ் நகராட்சியின் கார்னவாலே, பெத்தி பாலே போன்ற அருங்காட்சியகங்களில் நிரந்தரக் காட்சிகள் எல்லோருக்கும் இலவசம்.

ரோமில் கொலோசியம் முதலிய அரசு இடங்களில் 18 முதல் 25 வயதுவரை 2 யூரோ என்று போட்டிருப்பதைப் பார்த்து மகிழ்ந்துவிட வேண்டாம். அது ஐரோப்பிய ஒன்றியக் குடிமக்களுக்கு. நம் பிள்ளைகளுக்கு 18 யூரோ. வத்திக்கான் அருங்காட்சியகங்கள் வேறு நாடு, வேறு விதி. அங்கே 25 வயது வரையிலான மாணவர்களுக்கு, எந்த நாட்டவராக இருந்தாலும், முழு விலை 20 யூரோவுக்குப் பதில் 8 யூரோ. அனைத்துலக மாணவர் அட்டையோ கல்வி நிலையத்தின் சான்றோ காட்ட வேண்டும். இயங்கலையில் பதிவு செய்தால் 5 யூரோ கூடுதல், அதில் கழிவு இல்லை. ஆக 25-க்குப் பதில் 13. சலுகை விலையில் வாங்கிவிட்டு வாசலில் சான்று இல்லாவிட்டால், முழு டிக்கெட்டை அங்கேயே மறுபடி வாங்க வேண்டிவரும்.

மட்ரிட்தான் மாணவருக்குத் தாராளம். பிராடோ அருங்காட்சியகத்தில் பொதுக் கட்டணம் 15 யூரோ. 18 முதல் 25 வயது வரையிலான மாணவருக்கு இலவசம், அந்த ஆண்டு படிப்பில் இருப்பதைக் காட்டினால் போதும்.

இப்போது அட்டைக்கு வருவோம். கவுண்டரில் இருப்பவர் பார்ப்பது நான்கு: படம், பெயர், கல்வி நிலையம், தேதி. மெட்ரிக் கார்டு பெரும்பாலும் நான்காவதில்தான் மாட்டிக்கொள்கிறது. தேதி இல்லாத அட்டை ஐந்து வருடத்துக்கு முன் முடித்தவரிடமும் இருக்கும் என்று அவர்களுக்குத் தெரியும். ஆகவே புறப்படுவதற்கு இரண்டு வாரம் முன்பே பல்கலைக்கழகத்தின் மாணவர் விவகாரப் பிரிவில், அதாவது எச்.இ.பி. அலுவலகத்தில், மாணவர் உறுதிக் கடிதம் கேட்டு வாங்கச் சொல்லுங்கள். ‘சூராட் பெங்கெசாஹான்’ என்று கேட்டால் கொடுத்துவிடுவார்கள், ஆனால் மலாய்ப் படிவமாகத்தான் வரும். ஆங்கிலத்தில் வேண்டும் என்று தனியாகச் சொல்ல வேண்டும். கடிதத்தில் கடப்பிதழில் உள்ளபடியே பெயர், கடப்பிதழ் எண், முழுநேர மாணவர் என்ற சொல், கல்வியாண்டு தொடங்கும் முடியும் தேதிகள், கையொப்பம், முத்திரை ஆகியவை இருக்கட்டும். தாளில் ஒன்று, கைப்பேசியில் ஒன்று. மெட்ரிக் கார்டோடு சேர்த்துக் காட்டினால் மட்ரிட்டுக்கும் வத்திக்கானுக்கும் அது போதும்.

ஐசிக் என்பது யுனெஸ்கோ ஆதரவுள்ள அனைத்துலக மாணவர் அடையாள அட்டை. 12 வயதுக்கு மேற்பட்ட எந்த முழுநேர மாணவரும் எடுக்கலாம், மேல்வயது வரம்பு இல்லை. படம், கடப்பிதழ், மாணவர் சான்று கொடுத்து இயங்கலையில் விண்ணப்பிக்கலாம். மூன்று ஊர்ப் பயணத்தில் அதனால் மிஞ்சப்போவது வத்திக்கானின் 12 யூரோவும் பிராடோவின் 15 யூரோவும்தான், இரண்டுக்கும் கடிதமே போதும் என்பதால் இந்தப் பயணத்துக்கு மட்டும் அட்டை அவசியமில்லை. நான்கைந்து நாடுகள் சுற்றுவதாக இருந்தால் எடுக்கலாம். அட்டையைச் செயலியில் மட்டும் வைத்திருப்பவர்கள் ஊரிலிருக்கும்போதே ஒருமுறை திறந்து உள்நுழைந்து பார்த்துவிடுங்கள். வாசலில் இணையம் கிடைக்காமல் கடவுச்சொல்லைத் தேடுவது பெரும் தொல்லை. திரைப்பதிவை நம்பிப் போக வேண்டாம், பல இடங்களில் செயலியையே திறந்து காட்டச் சொல்வார்கள்.

கேள்வி: கொலோசியத்துக்கு இயங்கலையில் டிக்கெட் எடுக்கப் பார்த்தேன். முதற்பெயர், குடும்பப்பெயர் என்று இரண்டு கட்டம். என் பெயருக்கும் அப்பா பெயருக்கும் நடுவில் ‘ஏ/எல்’ (மலாயில் ‘மகன்’ என்பதன் சுருக்கம்) இருக்கிறது. சாய்கோடு போட்டால் ஏற்கவில்லை. என்ன எழுதுவது?
– வாசகர், பட்டர்வொர்த்

பதில்: இது நம் ஆட்களுக்கே உரிய சிக்கல். கொலோசியத்தில் 2023 அக்டோபர் முதல் டிக்கெட்டில் பெயர் இருக்க வேண்டும், வாசலில் கடப்பிதழோடு ஒப்பிடுவார்கள். முதற்பெயர்க் கட்டத்தில் உங்கள் பெயர், குடும்பப்பெயர்க் கட்டத்தில் அப்பா பெயர். சாய்கோட்டை விட்டுவிடுங்கள். ‘ஏஎல்’ என்று சேர்த்தும் எழுதலாம், விட்டும் விடலாம். இரண்டு பெயர்களும் கடப்பிதழில் உள்ள எழுத்துக்கூட்டலிலேயே இருப்பதுதான் முக்கியம். ‘எச்’ ஒன்று கூடுவது, ‘டி’ ஒன்று குறைவதுதான் வம்பு.

பெயரைச் சுருக்கியோ அப்பா பெயரை முன்னால் போட்டோ அச்சிட்ட கல்லூரி அட்டையாக இருந்தால், உறுதிக் கடிதத்தில் கடப்பிதழ் எண் இருப்பது அந்த இடைவெளியை நிரப்பும். ஐசிக் எடுப்பவர்கள் விண்ணப்பத்திலேயே கடப்பிதழ்ப் பெயரைப் போடுங்கள், அட்டையில் அதுதான் அச்சாகும்.

கூடவே ஒன்று: கொலோசியம் டிக்கெட் 30 நாள் முன்னதாகத்தான் திறக்கும். 18 வயதுக்குக் கீழுள்ளவர்களுக்கு இலவசம் என்றாலும் அவர்களுக்கும் நேரம் போட்டுப் பூஜ்ய விலை டிக்கெட் எடுக்க வேண்டும். பெற்றோருக்கு மட்டும் எடுத்துவிட்டுப் பிள்ளையை வாசலில் நிறுத்தும் குடும்பங்கள் உண்டு.

கேள்வி: மகனுக்கு 17 வயது, படிவம் 5. எஸ்.பி.எம். தேர்வு முடிந்ததும் லண்டன் போகிறோம். பள்ளியில் அட்டை எதுவும் தரவில்லை. என்ன செய்வது?
– வாசகர், ஆயர் ஈத்தாம்

பதில்: ஒன்றும் வேண்டாம். கடப்பிதழ் போதும். பிரிட்டிஷ் அருங்காட்சியகம், நேஷனல் கேலரி, விக்டோரியா ஆல்பர்ட், இயற்கை வரலாறு, அறிவியல் அருங்காட்சியகம், டேட் எல்லாவற்றிலும் நிரந்தரக் காட்சிகள் எல்லோருக்கும் இலவசம். சிறப்புக் கண்காட்சிக்குத்தான் கட்டணம். டேட்டில் அதற்கும் ஒரு வழி உண்டு: 16 முதல் 25 வயதுள்ள எந்த நாட்டவரும் ‘டேட் கலெக்டிவ்’ என்பதில் இலவசமாகப் பதிந்தால் கண்காட்சி டிக்கெட் 5 பவுண்டு. மாணவராக இருக்க வேண்டிய அவசியமே இல்லை. லண்டன் கோபுரம் போன்ற கட்டண இடங்களில் முழுநேர மாணவருக்குச் சலுகை விலை உண்டு, அக்காள் அண்ணன்மார் யாராவது பல்கலைக்கழகத்தில் இருந்தால் அவர்கள் சான்றை எடுத்துப் போகட்டும்.

கேள்வி: முதுகலை, பகுதிநேரம். வயது 33. எனக்கு ஏதாவது உண்டா?
– வாசகி, பிரிக்பீல்ட்ஸ்

பதில்: ஐசிக் முழுநேர மாணவருக்கு மட்டும். ஐஒய்டிசி என்ற இளையோர் பயண அட்டை மாணவரல்லாதோருக்கும் உண்டு, அதுவும் 30 வயதோடு முடிந்துவிடுகிறது. ஆசிரியராக இருந்தால் ஐடிக் அட்டை இருக்கிறது. அதுவும் இல்லையென்றால் அட்டையை மறந்துவிட்டு நேரத்தைப் பிடியுங்கள். பிராடோ கடைசி இரண்டு மணி நேரம் எல்லோருக்கும் இலவசம்: திங்கள் முதல் சனி வரை மாலை 6 முதல் 8, ஞாயிறு 5 முதல் 7. வரிசை நீளும், அரை மணி முன்னாலேயே நில்லுங்கள். வத்திக்கான் அருங்காட்சியகங்கள் மாதத்தின் கடைசி ஞாயிறு இலவசம், ஆனால் மதியம் 12.30-க்கு மேல் உள்ளே விடமாட்டார்கள். கூட்டத்தைப் பார்த்தால் 20 யூரோ கொடுத்திருக்கலாமே என்று தோன்றும். இத்தாலி அரசு அருங்காட்சியகங்களும் மாதத்தின் முதல் ஞாயிறு இலவசம்.

கேள்வி: கல்லூரி நண்பர்கள் டோக்கியோவும் அங்கோர் வாட்டும் போகிறோம். இரண்டிலும் மாணவர் விலை உண்டா?
– வாசகர், நிபோங் திபால்

பதில்: டோக்கியோ தேசிய அருங்காட்சியகத்தில் பொதுக் கட்டணம் 1,000 யென், பல்கலைக்கழக மாணவருக்கு 500, 18 வயதுக்குக் கீழே இலவசம். அட்டையைக் கையில் வைத்திருங்கள். அங்கோரில் மாணவர் விலையே கிடையாது. ஒரு நாளுக்கு 37 அமெரிக்க டாலர், மூன்று நாளுக்கு 62, ஏழு நாளுக்கு 72. 12 வயதுக்குக் கீழ் மட்டும் இலவசம், அதற்கும் கடப்பிதழ் காட்ட வேண்டும். மூன்று நாள் தங்குவீர்கள் என்றால் ஒரு நாள் டிக்கெட்டை இரண்டு முறை வாங்குவது நட்டம்.

கேள்வி: குடும்பத்தோடு தமிழ்நாடு போகிறோம். மாமல்லபுரத்தில் வெளிநாட்டவருக்கு 600 ரூபாயாமே? மகன் கல்லூரி மாணவன். அட்டை காட்டினால் குறையுமா?
– வாசகி, செகாம்புட்

பதில்: குறையாது. இந்தியத் தொல்லியல் துறையின் இடங்களில் வெளிநாட்டு மாணவருக்குச் சலுகை விலை இல்லை. இந்தியருக்கு 40 ரூபாய், நமக்கு 600. 15 வயதுக்குக் கீழே எல்லோருக்கும் இலவசம். ஆனால் நம்மவர்களில் பலர் கவனிக்காத ஒன்று: ஓ.சி.ஐ. அட்டை (இந்திய வம்சாவளியினருக்கு இந்திய அரசு தரும் அட்டை) வைத்திருப்பவர்களுக்கு இந்திய அரசின் அறிவிப்புப்படி தேசியச் சின்னங்களிலும் அருங்காட்சியகங்களிலும் இந்தியக் கட்டணமே. அட்டையை வீட்டு அலமாரியில் விட்டுவிட்டுப் போகாதீர்கள். அசல் அட்டையைக் கடப்பிதழோடு சேர்த்துக் கவுண்டரில் முதலிலேயே நீட்டுங்கள், 600 ரூபாய் டிக்கெட்டைக் கிழித்த பிறகு பேசிப் பயனில்லை.

ஓ.சி.ஐ. இல்லாதவர்கள் ஒரே டிக்கெட்டில் கடற்கரைக் கோயிலையும் ஐந்து ரதங்களையும் அதே நாளில் பார்த்துவிடலாம், டிக்கெட்டை முதல் வாசலிலேயே தூக்கிப் போட்டுவிடாதீர்கள். தஞ்சைப் பெரிய கோயில், கங்கைகொண்ட சோழபுரம், தாராசுரம் மூன்றுக்கும் நுழைவுக் கட்டணமே இல்லை.

கேள்வி: பேங்காக்கில் தெருவோரம் மாணவர் அட்டை அடித்துத் தருகிறார்களாம். எகிப்தில் பாதி விலை என்று நண்பன் சொல்கிறான். எடுக்கலாமா?
– வாசகர், சுங்கை நிபோங்

பதில்: வேண்டாம். எகிப்தில் வெளிநாட்டு மாணவருக்குப் பெரும்பாலான தொல்லியல் இடங்களில் பாதி விலை என்பது உண்மை. அதனால்தான் அங்கே அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்க்கிறார்கள். ஐசிக் எண்ணை இயங்கலையில் சரிபார்க்க முடியும், எண் பொய்யென்றால் அட்டையும் போகும், மானமும் போகும். நீங்கள் உண்மையான மாணவர் என்றால் ஊரிலேயே உண்மையான அட்டை எடுங்கள். இன்னொன்று, கீசா பிரமிடு போன்ற பெரிய இடங்களின் கவுண்டரில் ரொக்கம் வாங்குவதில்லை. வங்கி அட்டையில் வெளிநாட்டுப் பரிவர்த்தனையைப் புறப்படும் முன்பே திறந்து வையுங்கள்.