ஒரே சொல், பல பொருள்: கேள்வி பதில்

திருகோணமலையில் ஆங்கிலம் கற்பிக்கிறேன். ஒரே ஆங்கிலச் சொல் இடத்துக்கு இடம் பொருள் மாறுவது பற்றி நம்மூரவர்கள் கேட்டவற்றில் சிலவும், என் பதில்களும்.

உப்புவெளியிலிருந்து ஒருவர்: ரீச்சர், மகன் கப்பல் வேலைக்குப் படிக்கிறான். ‘போர்ட்’ என்றால் துறைமுகம்தானே? அவனுடைய புத்தகத்தில் இடப்பக்கம் என்று இருக்கிறதே?

பதில்: இரண்டும் சரி, அண்ணா. அந்தக் காலத்து ஐரோப்பியக் கப்பல்களில் திசைதிருப்பும் துடுப்பு வலப்பக்கத்தில் இருந்தது. அது கரையில் மோதி உடையக்கூடாது என்று இடப்பக்கத்தைத்தான் துறையோடு அணைத்துக் கட்டினார்கள். துறைமுகத்தின் பெயர் அந்தப் பக்கத்தில் ஒட்டிக்கொண்டது இப்படித்தான். முன்பு இடப்பக்கம் ‘லார்போர்ட்’, வலப்பக்கம் ‘ஸ்டார்போர்ட்’. அலை இரைச்சலில் இந்த இரண்டும் ஒன்றுபோலக் கேட்டால் கப்பலின் கதி என்ன! 1844இல் பிரித்தானியக் கடற்படை ‘லார்போர்ட்’ வேண்டாம், ‘போர்ட்’ என்றே சொல்லுங்கள் என்று உத்தரவிட்டது. கப்பலின் முன்முனையைப் பார்த்து நிற்பவருக்கு எது இடதோ அதுவே போர்ட். அவர் திரும்பி நின்றாலும் அது மாறாது. இரவில் கொட்டியாரக் குடாவில் ஒரு கப்பலின் சிவப்பு விளக்கு தெரிந்தால் அது போர்ட் பக்கம், பச்சை என்றால் மறுபக்கம். மகனிடம் கேட்டுப் பாருங்கள், சரியாகச் சொல்லுவான்.

உயர்தர மாணவி: ‘ஃபைன்’ என்றால் நலம், அபராதம் இரண்டுமா?

பதில்: ஆம், மகள். இரண்டுக்கும் வேர் ‘முடிவு’ என்னும் லத்தீன் சொல். பணம் கட்டி வழக்கை முடித்தால் அபராதம். குறையில்லாமல் செய்து முடித்தது நேர்த்தி. ‘ஐ ஆம் ஃபைன்’ என்றால் நலமாக இருக்கிறேன். ‘ஐ வாஸ் ஃபைன்ட்’ என்றால் எனக்கு அபராதம் விதித்தார்கள். கடைசி எழுத்தை விழுங்காமல் சொல்லுங்கள்.

அதே மாணவி: எல்லாப் பொருளையும் பாடமாக்க வேண்டுமா?

பதில்: வேண்டவே வேண்டாம். ஆக்ஸ்ஃபோர்ட் பேரகராதியின் 1989ஆம் ஆண்டுப் பதிப்பில் மிக நீளமான பதிவு ‘செட்’ என்ற சின்னஞ்சிறு சொல்லுக்குத்தான். அதை யாரால் மனப்பாடம் செய்ய முடியும்? பட்டியல் எழுதுவதை விட்டுவிட்டு, சொல்லை நீங்கள் கண்ட வாக்கியத்தோடு கொப்பியில் எழுதுங்கள். அருகில் நிற்கும் சொற்களே பொருளைக் காட்டிக்கொடுக்கும்.

அலுவலக எழுதுவினைஞர் ஒருவர்: கடன் ‘சாங்ஷன்’ ஆனது என்கிறோம். செய்தியில் ஒரு நாட்டின் மீது ‘சாங்ஷன்’ என்கிறார்கள். அனுமதியா, தண்டனையா?

பதில்: இரண்டும்தான், தம்பி. சட்டத்தால் உறுதிப்படுத்துவது என்பதே பழைய பொருள். சட்டம் அனுமதிக்கவும் செய்யும், தண்டிக்கவும் செய்யும். பன்மையில் வந்து, ஒரு நாட்டின் ‘மீது’ அல்லது ‘எதிராக’ என்று தொடர்ந்தால் பெரும்பாலும் தடைதான். அலுவலகக் கடிதத்தில் குழப்பம் வரும் என்று தோன்றினால் ‘அப்ரூவல்’ என்று எழுதிவிடுங்கள். நான் அப்படித்தான் சொல்லிக்கொடுக்கிறேன்.

சீனன்குடாவிலிருந்து ஒருவர்: எங்கள் ஊரின் ஆங்கிலப் பெயரான ‘சைனா பே’யில் குடாவைக் குறிக்கும் ‘பே’யும், பிரியாணி இலையை ‘பே லீஃப்’ என்பதில் வரும் ‘பே’யும் ஒன்றா?

பதில்: இல்லை. ‘ஃபைன்’ ஒரே வேரில் கிளைத்தது; இவை வெவ்வேறு வேரிலிருந்து வந்து ஒரே எழுத்துக்கூட்டலில் சேர்ந்தவை. இலையின் ‘பே’ சிறுகனியைக் குறித்த லத்தீன் சொல்லிலிருந்து வந்தது. நாய் குரைப்பதும் ‘பே’தான், அது மூன்றாவது. நல்ல அகராதி இவற்றுக்குத் தனித்தனி எண் போட்டிருக்கும். அந்த எண்ணை முதலில் பாருங்கள்.