அப்பீல் பெண்டிங்ல கெடக்கு, ஹைகோர்ட் போகலாமா?

கேள்வி கேட்ட அம்மா நாலு பக்கத்துக்கு எழுதியிருக்காங்க. சுருக்கம் இதான்: மகளிர் உரிமைத் தொகை ரிஜெக்ட் ஆயிடுச்சு, காரணம் வீட்டுக்காரர் பேர்ல கார் இருக்குன்னு. அந்த காரை எப்பவோ அவரோட மச்சானுக்கு வித்தாச்சு, ஆனா ஆர்.சி. மாத்தல. இ-சேவையில அப்பீல் போட்டு வருஷம் தாண்டிடுச்சு, பதிலே இல்ல. விஏஓ மரியாதை இல்லாம பேசினார், மாடி வீட்டுக்காரிக்கு பணம் வருது, சிஎம் செல்லுக்கு மூணு மனு, கலெக்டர் ஆபீஸ் திங்கக்கிழமை மனு. இப்ப ரிட், அதாவது அதிகாரிக்கு உத்தரவு போடச் சொல்லி நேரா ஹைகோர்ட்ல போடுற மனு, போடலாமான்னு கேக்குறாங்க.

அம்மா, விஏஓ பேசினதையும் மாடி வீட்டையும் முதல்ல விட்டுடுங்க. அவங்களுக்கு தப்பா குடுத்திருந்தாலும் அத காட்டி எனக்கும் குடுன்னு கோர்ட்ல கேக்க முடியாது. சிஎம் செல் மனு அப்பீலும் கிடையாது, எத்தன தடவ போட்டாலும் கணக்கு ஒண்ணுதான். கோர்ட் பாக்கப்போறது கோட்டாட்சியர்கிட்ட போன அந்த ஒரு அப்பீல மட்டும்தான். 30 நாளுக்குள்ள முடிக்கணும்னு திட்டத்துலயே இருக்கு, அவர் முடிக்கல, அதனால அரசியல் சட்டம் 226வது பிரிவுல மாண்டமஸ் (அதிகாரிய அவர் வேலைய செய்யச் சொல்ற ரிட்) போட்டா "இத்தன வாரத்துக்குள்ள முடிவு பண்ணு"ன்னு உத்தரவு வாங்குறது பெரிய கஷ்டம் இல்ல, பல நேரம் கேஸ் முதல்ல விசாரணைக்கு வர்ற அட்மிஷன் ஸ்டேஜ்லயே அரசு வக்கீல வச்சுகிட்டே முடிச்சு அனுப்பிடுவாங்க.

சிக்கல் அதுக்கப்புறம்தான். அந்த உத்தரவு "முடிவு பண்ணு"ன்னுதான் சொல்லும், "பணம் குடு"ன்னு சொல்லாது. "மெரிட்ஸ் பத்தி நாங்க எதுவும் சொல்லல"ன்னு, அதாவது உங்களுக்கு தகுதி இருக்கா இல்லையான்னு நாங்க பாக்கலன்னு, ஒரு வரியும் அதுல இருக்கும், கேஸ் போட்டவங்க யாரும் அந்த வரிய படிக்கிறதே இல்ல. ஆர்டர் வந்ததும் ஜெயிச்சாச்சுன்னு ஊரெல்லாம் சொல்லிட்டு உக்காந்துடுவாங்க, கோட்டாட்சியர் ஆபீஸ்ல கம்ப்யூட்டர தட்டுவாங்க, போக்குவரத்து ரெக்கார்டுல உங்க வீட்டுக்காரர் பேருதான் வரும், "வாகனம் உள்ளது, நிராகரிக்கப்படுகிறது"ன்னு கையெழுத்து போட்டு அனுப்பிடுவாங்க. கன்டெம்ப்ட் (கோர்ட் அவமதிப்பு கேஸ்) போடலாமான்னு அப்ப ஓடி வருவீங்க. முடியாது, அவர் முடிவு பண்ணிட்டாரே, கோர்ட் சொன்னத செஞ்சாச்சு. தப்பான முடிவுன்னா அந்த நிராகரிப்ப ரத்து பண்ணச் சொல்லி முதல்ல இருந்து வேற ரிட். அதுலயும் மோட்டார் வாகனச் சட்டப்படி யார் பேர்ல ரிஜிஸ்டர் ஆகியிருக்கோ அவர்தான் ஓனர், வித்தவர் 14 நாளுக்குள்ள வட்டாரப் போக்குவரத்து ஆபீஸுக்கு தெரிவிச்சிருக்கணும். "வாய்வார்த்தையா வித்துட்டோம்"ன்னு நீதிபதி முன்னாடி நிக்கிறது நல்லாருக்காது. இன்னொண்ணு, ரிட்டோட போடுற அபிடவிட்ல (சத்தியப் பிரமாணப் பத்திரம்) "எங்க குடும்பத்துல யார் பேர்லயும் கார் இல்ல"ன்னு எழுதிடாதீங்க, இன்னிக்கு தேதியில அது பொய், கையெழுத்து உங்களோடது.

அப்பீல் உண்மையிலேயே பெண்டிங்கான்னும் பாருங்க. எஸ்எம்எஸ் போன நம்பர் ரீசார்ஜ் இல்லாம செத்துப்போயி, எப்பவோ ரிஜெக்ட் ஆனது தெரியாமலே ரிட் போட்டு முதல் நாளே மூக்குடைபட்டு வந்தவங்க உண்டு. அப்பீல் நம்பர போட்டு ஆர்டிஐ (தகவல் உரிமைச் சட்ட மனு) ஒண்ணு போடுங்க, 10 ரூபா கோர்ட் ஃபீ ஸ்டாம்ப், முடிவாச்சா, எந்த தேதி, உத்தரவு நகல் குடுங்கன்னு மூணே கேள்வி. கோட்டாட்சியர் ஏன் இப்படி பண்றார்னு நாலாவது கேள்வி வேண்டாம்.

என்னைக் கேட்டா ரிட் இப்ப வேண்டாம். மச்சான்கிட்ட சண்டைய விட்டுட்டு சமாதானமா போங்க, ட்ரான்ஸ்ஃபர் செலவு அவர் குடுக்கலேன்னா நீங்களே குடுத்துடுங்க, வண்டி பேர் மாத்துற ஃபார்ம் 29, 30ல கையெழுத்து வாங்கி பேர மாத்துங்க. மாத்தின ஆர்.சி. நகல அதே அப்பீல் நம்பர் போட்டு கோட்டாட்சியருக்கு ஸ்பீட் போஸ்ட்ல, போய்ச் சேந்ததுக்கு ஆதாரம் கிடைக்கிற மாதிரி அனுப்புங்க. புது விண்ணப்பம் வாங்கினா அதையும் போடுங்க, 2025ல உங்களுடன் ஸ்டாலின் முகாம்ல வாங்கின மாதிரி. போன மாசங்களுக்கான பணத்த மறந்துடுங்க, ரிட்ல அது வரும்னு நம்பி வக்கீலுக்கு குடுக்குற ஃபீஸ் அதைவிட பெருசா போயிடும்.

அதுக்கும் அசையலேன்னா அப்ப ரிட் போடுங்க. தஞ்சாவூர் மாவட்டம்னா மதுரை கிளைதான், பெண்ணுங்கறதாலயே வருமானம் பாக்காம இலவச சட்ட உதவி உண்டு, சட்டப் பணிகள் குழுவுல கேளுங்க. பிரேயர்ல (மனுவுல என்ன வேணும்னு கேக்குற பகுதி) வெறும் "முடிவு பண்ண"ன்னு விடாம, ஆர்.சி. நகல பாத்து, நேர்ல கூப்பிட்டு விசாரிச்சு, காரணத்தோட எழுத்துல உத்தரவு போடணும்னு கேக்கச் சொல்லுங்க. ஆர்டர் வந்தா பீரோவுல வைக்காதீங்க, வாரக்கணக்கு பெரும்பாலும் அவர் கைக்கு நகல் கிடைச்ச நாள்ல இருந்துதான் ஓடும், கன்டெம்ப்ட் போட சட்டம் குடுத்திருக்குறது ஒரே வருஷம்.