ரன் என்றால் ஓடு மட்டும்தானா?

கேள்வி: எனக்கு 43 வயது. தமிழ் வழியில் பிளஸ் டூ படித்தவள். ஒரு வருடமாக பனியன் ஏற்றுமதி அலுவலகம் ஒன்றில் வேலை பார்க்கிறேன். போன மாதம் வெளிநாட்டு பையர் அனுப்பிய மெயிலில் ‘தி ரெட் இஸ் ரன்னிங் இன் தி வாஷ்’ என்று ஒரு வரி இருந்தது. சிவப்பு கலர் நன்றாக ஓடுகிறது என்று எடுத்துக்கொண்டு மேனேஜரிடம் அப்படியே சொல்லிவிட்டேன். சாயம் போகிறது என்ற புகார் அது என்று 2 நாள் கழித்துத்தான் தெரிந்தது. கூட வேலை செய்பவர்கள் சிரித்தார்கள். வீட்டுக்கு வந்து போனில் அகராதியைத் திறந்தால், ‘ரன்’னுக்குத் தள்ளத் தள்ள அர்த்தம் வந்துகொண்டே இருக்கிறது. இத்தனையையும் இந்த வயதில் எப்படி மனப்பாடம் செய்வேன்? - வாசகி, திருப்பூர்

பதில்: அன்புச் சகோதரி,

மனப்பாடம் செய்யவே வேண்டாம். ஆங்கிலத்தைத் தாய்மொழியாகக் கொண்டவர்களும் அதைச் செய்ததில்லை. ஆக்ஸ்ஃபோர்டு ஆங்கில அகராதியில் ‘ரன்’ என்ற வினைச்சொல்லுக்கு மட்டும் 645 பொருள்கள் பதிவாகியிருக்கின்றன. பீட்டர் கில்லிவர் என்ற அகராதி ஆசிரியருக்கு அந்த ஒரு சொல்லை ஒழுங்குபடுத்தவே 9 மாதம் ஆனது. அதற்கு முன், 1989-இல் வந்த பதிப்பில், ‘செட்’ என்ற சொல்தான் அதிக இடத்தைப் பிடித்திருந்தது. ஒரு போன் திரையில் நீங்கள் மலைத்துப் போனதில் என்ன ஆச்சரியம்?

அப்புறம், அந்தத் தவறைப் பற்றி. அது விவரமில்லாமல் செய்த தவறு இல்லை. ‘இந்த கலர் நல்லா ஓடுது’ என்றால் நல்ல விற்பனை என்று ஊரில் எல்லோருக்கும் தெரியும். அந்தத் தமிழ்தான் உங்கள் காதில் ஒலித்திருக்கிறது. உங்கள் ஊரிலேயே எத்தனை ஓட்டம் இருக்கிறது, யோசித்துப் பாருங்கள். மெஷின் ஓடுகிறது, தறி ஓடுகிறது, படம் ஓடுகிறது, பிழைப்பு ஓடுகிறது. இவற்றில் எதற்கும் கால் கிடையாது. ஆற்றில் தண்ணீரும் ஓடுகிறது. பையர் சொன்ன ஓட்டம் இந்தக் கடைசி வகை. நூலிலிருந்து விடுபட்ட சாயம் தண்ணீரோடு சேர்ந்து ஓடி, பக்கத்திலிருக்கும் வெள்ளைத் துணியில் போய்ப் பிடித்துக்கொள்கிறது. நாம் அதை ‘சாயம் இறங்குது’ என்கிறோம், அவர்கள் ஓடுகிறது என்கிறார்கள்.

எல்லா இடத்திலும் இப்படி ஒத்துப்போகாது என்பதையும் சொல்லிவிடுகிறேன். அவர்கள் கடையை ‘ரன்’ செய்கிறார்கள், நாம் நடத்துகிறோம். பட்டன் ‘ரன் அவுட்’ என்று மெயில் வந்தால் கிரிக்கெட்டை நினைக்க வேண்டாம், பட்டன் தீர்ந்துபோயிற்று. தேர்தலில் அமெரிக்க வேட்பாளர் ‘ரன்’ செய்வார், அதாவது ஓடுவார். பிரிட்டனில் அதே வேட்பாளர் ‘ஸ்டாண்ட்’ செய்வார். நம்மூரிலும் தேர்தலில் நிற்கத்தான் செய்கிறோம். ஆங்கிலம் பேசும் இரண்டு நாடுகளுக்குள்ளேயே இப்படி இருக்கிறது.

சரி, வழி என்ன? தமிழில் ‘அடி’யை எப்படிக் கற்றுக்கொண்டீர்கள்? வெயில் அடிக்கிறது, காய்ச்சல் அடிக்கிறது, சுவருக்கு வெள்ளை அடிக்கிறோம், பம்பில் தண்ணீர் அடிக்கிறோம். யாரும் உங்களைப் பட்டியல் போட்டுப் படிக்கச் சொல்லவில்லை. வெயில் என்ற சொல்லோடு சேர்ந்தே அந்த ‘அடி’ உங்களிடம் வந்தது. பல பொருள் தரும் ஒரு சொல்லில் இங்கே எந்தப் பொருள் என்று தெளிவதற்கு, தொல்காப்பியச் சொல்லதிகாரம் 3 வழிகள் சொல்கிறது: வினை, இனம், சார்பு. ‘மா காய்த்தது’ என்றால் வினையை வைத்தே மரம் என்று தெரிகிறது. ‘மாவும் யானையும்’ என்றால், உடன் வந்த இனத்தால் அது விலங்கு, குதிரை. போருக்குப் புறப்படுகிறவன் ‘மாவைக் கொண்டு வா’ என்றால், சூழ்நிலையே குதிரை என்று சொல்லிவிடுகிறது. எந்த மொழிக்கும் இதைவிடச் சுருக்கமாகப் பாடம் சொல்ல எனக்குத் தெரியாது.

அந்த மெயிலை இப்போது மறுபடி பாருங்கள். ‘ரன்னிங்’ என்றதோடு நின்றுவிட்டீர்கள். பின்னாலேயே ‘இன் தி வாஷ்’ நின்றுகொண்டிருந்தது. துவைக்கும்போது என்று அது சொன்ன பிறகு விற்பனைக்கு அங்கே இடமே இல்லை. தெரிந்த சொல் வந்ததும் வரியைப் பாதியில் விட்டுவிடுவது ஆங்கிலம் கற்கும் எல்லோருக்கும் நடக்கிறது. தெரியாத சொல்லை நாம் தேடிப் பார்த்துவிடுகிறோம். தெரிந்த சொல்தான் ஏமாற்றுகிறது.

சந்தேகம் மிச்சமிருந்தால் பையருக்கே ‘ப்ளீஸ் ஷேர் எ போட்டோ’ என்று ஒரு வரி எழுதிக் கேளுங்கள். ஏற்றுமதித் தொழிலில் தினமும் நடக்கிற விஷயம் இது, யாரும் தவறாக நினைக்க மாட்டார்கள். சிரித்தவர்களிடமும் தயங்காமல் கேளுங்கள். கேட்கிறவருக்குச் சொல்லிக்கொடுக்கப் பெரும்பாலானவர்களுக்குப் பிடிக்கும்.

ஒரு 80 பக்க நோட்டு வாங்குங்கள். ‘ரன் = ஓடு’ என்று அதில் எழுதாதீர்கள். மெயிலில் வந்த வாக்கியத்தை முழுதாக எழுதி, அதற்குக் கீழே, பக்கத்து சீட்டில் இருப்பவரிடம் நீங்கள் எப்படிச் சொல்வீர்களோ அந்தத் தமிழை எழுதுங்கள். ‘ரன்னிங் லேட்’ (தாமதமாகிறது), ‘ரன்னிங் ஷார்ட்’ (இருப்பு குறைகிறது), ‘ட்ரையல் ரன்’ (சோதனை ஓட்டம்) எல்லாம் உங்கள் வேலையில் தானாகவே வந்து சேரும். வருகிறபோது எழுதிக்கொண்டால் போதும், 645-ஐத் தேடிப் போக வேண்டாம்.

முதல் பக்கத்தில் அந்த வரியையே எழுதுங்கள். தி ரெட் இஸ் ரன்னிங் இன் தி வாஷ். துவைத்தால் சிவப்புச் சாயம் இறங்குது.