திமிங்கலங்களும் டால்பின்களும் அவ்வளவு நேரம் மூச்சடக்க, நுரையீரல் பெரிதாக இருப்பதுதான் காரணமா?

இல்லை. ஆழத்தில் மூழ்கும் திமிங்கலங்களுக்கு உடல் அளவோடு பார்த்தால் நுரையீரல் சிறியதுதான். ஆழம் கூடக்கூட நீரின் அழுத்தத்தில் அதுவும் சுருங்கிப்போகிறது. உள்ளே காற்று நிறைய இருந்தால் நைட்ரஜன் ரத்தத்தில் கரைந்து உயிருக்கே ஆபத்தாகும். நீங்கள் பார்க்க வேண்டியது தசையை.

கல்லூரியில் உயிர்வேதியியல் நடத்துகிறேன். மயோகுளோபின் பாடத்தைத் திமிங்கலத்தில்தான் தொடங்குவேன். தசைக்குள் ஆக்சிஜனைப் பிடித்து வைக்கும் புரதம் இது. நம் தசையில் நூறு கிராமுக்கு அரை கிராம் அளவில் இருக்கும். ஸ்பெர்ம் திமிங்கலத்துக்கு அதைப்போல் பத்து மடங்குக்கு மேல். அதனால்தான் அதன் இறைச்சி கறுப்பு என்றே சொல்லும்படி இருண்டிருக்கும். ஜான் கென்ட்ரூ முதன்முதலில் ஒரு புரதத்தின் முப்பரிமாண வடிவத்தைக் கண்டறிந்ததும் ஸ்பெர்ம் திமிங்கலத்தின் மயோகுளோபினில்தான். 1962-ல் மேக்ஸ் பெரூட்ஸுடன் சேர்ந்து நோபல் பரிசு பெற்றார்.

ஒரே புரதத்தை இப்படித் திணித்தால் அது ஒட்டித் திரண்டு பாழாகிவிட வேண்டுமே? 2013-ல் லிவர்பூல் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் காரணத்தைக் கண்டார்கள். ஆழமாக மூழ்கும் விலங்குகளின் மயோகுளோபின் மேற்பரப்பில் நேர் மின்னூட்டம் அதிகம். ஒவ்வொரு மூலக்கூறும் பக்கத்திலிருப்பதைத் தள்ளிவிடுவதால் நெருக்கமாக இருந்தும் ஒட்டுவதில்லை. இதைக் கரும்பலகையில் வரைந்து காட்டும்போது எனக்கு இன்றும் வியப்பு குறையவில்லை.

ஆனால் சேமிப்பு பாதிக் கதைதான். மூழ்குவதில் முதலிடம் கூவியர் அலகுத் திமிங்கலத்துக்கு. 2,992 மீட்டர் ஆழம் வரை போனதாக 2014-ல் பதிவானது; 2020-ல் வெளிவந்த ஆய்வில் ஒரே மூச்சில் 222 நிமிடம். இத்தனை நேரம் தாங்கும் தசையில், மெதுவாகச் சுருங்கிச் சளைக்காமல் உழைக்கும் இழைகளே நிறைந்திருக்கும் என்றுதான் யாரும் நினைப்போம். அலகுத் திமிங்கலங்களின் முதுகுத் தசையை நுண்ணோக்கியில் பார்த்தால் நேர்மாறு: சுமார் 80 சதவீதம் பருமனான வேக இழைகள். அவற்றில் ஆக்சிஜனை எரிக்கும் மைட்டோகாண்ட்ரியா மிகக் குறைவு, மயோகுளோபினோ ஏராளம். மெதுவாக நீந்தும் வேலையைக் கொஞ்சமாக உள்ள மெது இழைகள் பார்த்துக்கொள்ள, வேக இழைகள் பெரும்பாலும் சும்மா இருந்து ஆக்சிஜனைக் காத்து வைக்கின்றன என்பது ஆய்வாளர்கள் தரும் விளக்கம். எனக்கு அது நியாயமாகவே படுகிறது. டேங்கும் பெரிது, மைலேஜும் அதிகம் என்று மாணவர்களிடம் சொல்வேன். போதாததற்கு, கீழே இறங்கும்போது வாலை அடிக்காமல் சறுக்கியே பெருந்தூரம் போய்விடும்.

கடலோரத்தில் நாம் காணும் பாட்டில்மூக்கு டால்பின் இந்த அளவுக்கெல்லாம் போகாது. அதன் மூழ்கல் பெரும்பாலும் சில நிமிடங்கள்தான். மயோகுளோபினும் அதற்கேற்ற அளவே.

இன்னொன்று, பலரும் கவனிக்காதது. இந்தத் திறன் பிறவியிலேயே முழுதாக வருவதில்லை. பிறந்த டால்பின் குட்டியின் தசையில் மயோகுளோபின் தாய்க்கு இருப்பதில் பத்தில் ஒரு பங்கு அளவே. முழு அளவை எட்டச் சில ஆண்டுகள் ஆகும். ஸ்பெர்ம் திமிங்கலக் குட்டியாலும் இரை தேடும் தாயோடு ஆழத்துக்குப் போக முடியாது. அதனால் கூட்டத்துப் பெண் திமிங்கலங்கள் ஒரே நேரத்தில் மூழ்காமல் முறைவைத்து மூழ்குகின்றன. மேலே யாராவது ஒருத்தி குட்டியோடு இருப்பாள்.