பழைய லேப்டாப்பிலிருந்து ஹைப்பர்-வி சர்வரை நிர்வகிக்க முடியுமா?

கேள்வி இதுதான்: கையில் இருப்பது கோர் 2 டுவோ லேப்டாப், அதில் விண்டோஸ் 10 ப்ரோ. மானிட்டர் இல்லாமல் ஓடும் ஹைப்பர்-வி சர்வர் 2019 ஒன்றை அதிலிருந்து நிர்வகிக்க வேண்டும். (ஹைப்பர்-வி என்பது ஒரே கணினிக்குள் பல மெய்நிகர் கணினிகளை, அதாவது விஎம்களை, ஓட்டும் மைக்ரோசாஃப்ட் மென்பொருள்.) ஆனால் ஹைப்பர்-வியை நிறுவப் போனால் புராசசருக்கு அந்த வசதி இல்லை என்கிறது. வேறு லேப்டாப்தான் வாங்க வேண்டுமா?

வேண்டாம். இதே இடத்தில் நானும் ஒரு ஞாயிற்றுக்கிழமையைத் தொலைத்திருக்கிறேன். பயாஸுக்குள் போய் வர்ச்சுவலைசேஷனை ஆஃப் செய்து, ஆன் செய்து, பயாஸையே அப்டேட் செய்தும் பார்த்தேன். ஒன்றும் அசையவில்லை. அசையாது. விண்டோஸ் 10-இல் ஹைப்பர்-வி ஓட புராசசரில் எஸ்எல்ஏடி என்ற வசதி (விஎம்களின் நினைவக முகவரிகளை புராசசரே மாற்றிக் கொடுப்பது) வேண்டும். இன்டெல்லில் அது 2008-இல் வந்த நெஹலம் தலைமுறையிலிருந்துதான் உண்டு. கோர் 2 வரிசையில் பலவற்றில் விடி-எக்ஸ் (இன்டெல்லின் அடிப்படை வர்ச்சுவலைசேஷன் வசதி) இருக்கும், எஸ்எல்ஏடி இருக்காது.

ஆனால் உங்களுக்கு அந்த லேப்டாப்பில் விஎம் ஓட்டத் தேவையில்லையே. 'டர்ன் விண்டோஸ் ஃபீச்சர்ஸ் ஆன் ஆர் ஆஃப்' பட்டியலில் ஹைப்பர்-விக்குப் பக்கத்தில் உள்ள கூட்டல் குறியை அழுத்திப் பாருங்கள். உள்ளே இரண்டு கிளைகள்: பிளாட்ஃபார்ம், மேனேஜ்மென்ட் டூல்ஸ். மங்கலாகத் தெரிவது பிளாட்ஃபார்முக்குள் இருக்கும், விஎம்களை ஓட்டும் பகுதியான ஹைப்பர்வைசர் மட்டும்தான். மேனேஜ்மென்ட் டூல்ஸுக்கு மட்டும் டிக் போட்டால், சர்வரை நிர்வகிக்கும் கருவியான ஹைப்பர்-வி மேனேஜர் வந்துவிடும். ஆர்சாட்டை (சர்வர்களைத் தொலைவிலிருந்து நிர்வகிக்கும் மைக்ரோசாஃப்ட் கருவித் தொகுப்பு) தேடி அலைய வேண்டாம், விண்டோஸ் 10-இல் ஹைப்பர்-வி மேனேஜர் அதில் வருவதில்லை. ஹோம் எடிஷன் என்றால் இந்தப் பட்டியலில் ஹைப்பர்-வியே இருக்காது. விண்டோஸ் 7 வைத்திருப்பவர்கள் முயலவே வேண்டாம்: அதன் மேனேஜர் பேசும் பழைய டபிள்யூஎம்ஐ (விண்டோஸின் நிர்வாக) இடைமுகத்தை விண்டோஸ் சர்வர் 2012 ஆர்2-விலேயே எடுத்துவிட்டார்கள்.

நிறுவுவது ஐந்து நிமிடம். நிஜமான தலைவலி இணைப்பில்தான், அதுவும் கணக்குகளை மையமாக நிர்வகிக்கும் டொமைன் இல்லாமல், ஒவ்வொரு கணினியும் தனித்தனியாக இருக்கும் வொர்க்குரூப்பில் இருந்தால்.

முதலில் லேப்டாப்பின் நெட்வொர்க்கை 'பிரைவேட்' ஆக்குங்கள். 'பப்ளிக்'காக இருந்தால் பவர்ஷெல் ரிமோட்டிங்கை (தொலைவிலிருந்து கட்டளை கொடுக்கும் வசதி) இயக்கும்போதே பிழை வரும். லேப்டாப்பிலும் வின்ஆர்எம் சர்வீஸ் (விண்டோஸின் தொலை நிர்வாகச் சேவை) ஓட வேண்டும். அடுத்தது, சர்வரை லேப்டாப்பின் டிரஸ்டட் ஹோஸ்ட்ஸ் பட்டியலில் (வின்ஆர்எம் நம்பும் கணினிகளின் பட்டியல்) சேர்ப்பது. இங்கேதான் நான் இரண்டாவது முறை வழுக்கினேன். பட்டியலில் சேர்த்தது சர்வரின் பெயரை, மேனேஜரில் தட்டியது ஐபி முகவரியை. இரண்டும் ஒரே பெட்டிதான் என்று நமக்குத் தெரியும், வின்ஆர்எம்முக்குத் தெரியாது. எந்தப் பெயரில் இணைகிறீர்களோ அதே எழுத்துகள் பட்டியலில் இருக்க வேண்டும். எந்தப் பெயருக்கு எந்த ஐபி என்று லேப்டாப்புக்குச் சொல்லும் ஹோஸ்ட்ஸ் ஃபைலில் ஒரு வரி சேர்த்து, எல்லா இடத்திலும் பெயரையே பயன்படுத்துவது நிம்மதி.

அப்புறம் கிரெட்எஸ்எஸ்பி, அதாவது நம் பயனர் பெயர், கடவுச்சொல்லை (கிரெடென்ஷியல்) சர்வருக்கு அனுப்பும் முறை. சர்வரில் சர்வராக, லேப்டாப்பில் கிளையன்டாக இயக்க வேண்டும். லேப்டாப்பின் குரூப் பாலிசியில், கிரெடென்ஷியல்ஸ் டெலிகேஷன் பிரிவில், என்டிஎல்எம் (டொமைன் இல்லாதபோது பயன்படும் பழைய உள்நுழைவு முறை) மட்டும் உள்ள சர்வர்களுக்குப் புதிய கிரெடென்ஷியலை அனுப்ப அனுமதிக்கும் பாலிசி ஒன்று உண்டு. அதை இயக்கி, டபிள்யூஎஸ்மேன் என்ற முன்னொட்டோடு சர்வர் பெயரைச் சேருங்கள். அதே பிரிவில் கிட்டத்தட்ட இதே பெயரில், என்டிஎல்எம் என்ற சொல் இல்லாத இன்னொன்றும் இருக்கிறது, அவசரத்தில் கை அதற்குத்தான் போகும். இணையும்போது 'வேறு பயனராக இணை' என்பதைத் தேர்ந்தெடுத்து, சர்வர் பெயரையும் சேர்த்து அட்மின் கணக்கைக் கொடுங்கள்.

விஎம் பட்டியல் வருகிறது, ஆனால் திரை மட்டும் திறக்கவில்லையா? கட்டளைகள் போவது 5985 போர்ட்டில், விஎம் திரை வருவது 2179-இல். ஃபயர்வாலில் இரண்டாவது அடைபட்டிருக்கலாம்.

பிரவுசரில் ஓடும் விண்டோஸ் அட்மின் சென்டரும் இருக்கிறது. நல்ல கருவிதான், ஆனால் 2 ஜிபி ரேமில் அந்தப் பக்கம் திறப்பதற்குள் பொறுமை போய்விடும். பழைய மெஷினுக்கு மேனேஜரே லேசு.

ஒரு சிக்கல்: விண்டோஸ் 10-க்கு ஆதரவு 2025 அக்டோபர் 14-உடன் முடிந்துவிட்டது, இந்த லேப்டாப்பில் விண்டோஸ் 11 முறைப்படி ஏறாது. அதனால் என்னுடையதில் இப்போது லினக்ஸ்தான். சர்வரில் ஓப்பன்எஸ்எஸ்எச்சை (தொலைவிலிருந்து கட்டளை வரியில் நுழைய உதவும் மென்பொருள்) நிறுவி, உள்ளே போய் பவர்ஷெல்லிலேயே விஎம்களை இயக்கி நிறுத்துகிறேன்.